எரித்த கடிதங்களும் எஞ்சிய பெயர்களும்: இலக்கிய வாழ்க்கை வரலாறு என்றால் என்ன?

1860 செப்டம்பரில் ஒரு நாள், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருந்த தன் கேட்ஸ் ஹில் வீட்டுக்குப் பின்னால் வயலில் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தீ மூட்டினார். அத்தனை வருடங்களாக அவருக்கு வந்து சேர்ந்திருந்த கடிதங்கள் எல்லாம் அதில் போயின. பிள்ளைகள் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினார்கள். பிறகு அந்தச் சாம்பல் சூட்டில் வெங்காயம் சுட்டுத் தின்றார்கள். அந்தக் காலத்தின் பெரிய எழுத்தாளர்கள் பலருடைய கையெழுத்து அந்தத் தீயில் இருந்தது. டிக்கன்ஸுக்கு அதில் வருத்தம் இல்லை. தான் மற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களும் அந்தக் குவியலில் இருந்திருக்கக் கூடாதா என்பதுதான் அவருடைய ஏக்கம்.

இப்படி ஒருவர் தன் தடயங்களை அழித்துவிட்டுப் போகிறார். நூறு வருடங்களுக்கு மேல் கழித்து இன்னொருவர் வந்து அவருடைய வாழ்க்கையை எழுதுகிறார். எதை வைத்து எழுதுகிறார்? அவர் சொல்வதை நாம் எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்விகளோடு இலக்கிய வாழ்க்கை வரலாறு என்ற வகையைப் புரிந்துகொள்ளத் தொடங்கலாம். எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையையும் அவருடைய எழுத்தையும் சேர்த்து வைத்து, ஆவணங்களின் துணையோடு சொல்லும் நூல் அது. எழுத்தாளர் தானே எழுதினால் அது தன்வரலாறு. கூடப் பழகியவர் ஞாபகத்திலிருந்து எழுதினால் நினைவுக் குறிப்பு. நூல்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் விமர்சனம். இலக்கிய வாழ்க்கை வரலாறு இந்த மூன்றையும் பயன்படுத்திக்கொள்ளும், ஆனால் எதையும் அப்படியே நம்பிவிடாது.

ஓர் அரசரையோ படைத்தலைவரையோ பற்றி எழுதுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. போர், ஒப்பந்தம், பதவி என்று அவர்கள் செய்தவை வெளியே நடந்தவை, பதிவானவை. எழுத்தாளரோ வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து கழித்தவர். அவருடைய வாழ்க்கை நடந்த இடம் வீடு. சமைத்துப் போட்டவர், கடன் வாங்கியவர், நோயில் படுத்தவர், அவர் எழுதுவதற்காகச் சத்தம் போடாமல் நடந்தவர் என்று அந்த வீட்டில் பலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணங்கள் குறைவு. இருந்தவற்றையும் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே அழித்துவிட்டார்கள். எழுத்தாளரின் குடும்பம்தான் முதல் சாட்சி, அதுவே முதல் தணிக்கையாளரும்கூட. இந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டால் இந்த வகை நூல்களில் பாதி புரிந்துவிடும்.

இதை நன்றாகக் காட்டக்கூடியவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வாழ்க்கை வரலாற்றாசிரியர் கிளேர் டொமலினைச் சொல்வேன். 1933இல் லண்டனில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், கல்வியாளர். தாய் ஆங்கிலேயர், இசையமைப்பாளர். கேம்பிரிட்ஜில் படித்தார். பதிப்பகங்களில் வேலை பார்த்தார். நியூ ஸ்டேட்ஸ்மன், சண்டே டைம்ஸ் ஆகிய இதழ்களில் இலக்கியப் பகுதியின் ஆசிரியராக இருந்தார். முதல் நூல் 1974இல்தான் வந்தது. அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். அதன் பிறகு கேத்தரின் மேன்ஸ்ஃபீல்ட், ஜேன் ஆஸ்டின், சாமுவேல் பீப்ஸ், தாமஸ் ஹார்டி, டிக்கன்ஸ், எச். ஜி. வெல்ஸ் என்று ஒவ்வொருவராக எழுதினார். இந்த நூல்கள் எல்லாவற்றிலும் ஒரு குணம் பொதுவாக இருக்கிறது. அந்தப் பெரிய எழுத்தாளரோடு வாழ்ந்து, வரலாற்றில் இடமில்லாமல் போனவர்களை அவர் தேடிப் போகிறார். அவர்களைத் துணைப் பாத்திரங்களாக நடத்துவதில்லை. அவர்களுக்கும் ஒரு முழு வாழ்க்கை இருந்தது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறார்.

இதற்குச் சிறந்த உதாரணம் டிக்கன்ஸ்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

டிக்கன்ஸ் 1870 ஜூன் 9 அன்று இறந்தார். அவருடைய நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் 1872 முதல் 1874 வரை மூன்று தொகுதிகளாக வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதில் ஒரு பெரிய ரகசியம் வெளிவந்தது. டிக்கன்ஸின் தந்தை 1824இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுவனான டிக்கன்ஸ், காலணி மை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் புட்டிகளுக்கு உறை ஒட்டும் வேலை பார்த்தான். இதைத் தன் பிள்ளைகளிடம்கூட அவர் சொன்னதில்லை, நண்பர் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொல்லியிருந்தார். இந்த ஒரு செய்தி தெரிந்ததும், அவர் நாவல்களில் கைவிடப்பட்ட குழந்தைகளும் கடன் சிறைகளும் திரும்பத் திரும்ப வருவதற்கு வாசகர்களுக்கு வேறொரு பொருள் கிடைத்தது. வாழ்க்கை வரலாறு எழுத்தை எப்படித் திறந்து காட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதே ஃபார்ஸ்டர் இன்னொரு விஷயத்தில் வாயே திறக்கவில்லை. மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில் டிக்கன்ஸின் உயிலை அச்சிட்டிருந்தார். அந்த உயில் முதலில் பெயர் சொல்லிப் பணம் கொடுப்பது எலன் லாலெஸ் டெர்னன் என்ற பெண்ணுக்கு. தொகை 1000 பவுண்ட். அந்தப் பெண் யார், ஏன் அவருக்குப் பணம் என்பதற்கு நூலில் எங்கும் விளக்கம் இல்லை.

நெல்லி என்று அழைக்கப்பட்ட அந்த எலன், நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். தாயும் இரண்டு அக்காக்களும் நடிகைகள். நெல்லியின் சிறுவயதிலேயே தந்தை இறந்துவிட்டார். 1857இல் மான்செஸ்டரில் டிக்கன்ஸ் அரங்கேற்றிய ஒரு நாடகத்தில் நடிக்க வந்தபோது நெல்லிக்கு வயது 18, டிக்கன்ஸுக்கு 45. டிக்கன்ஸின் இளைய மகள் கேட்டியும் நெல்லியும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அடுத்த வருடமே டிக்கன்ஸ் தன் மனைவி கேத்தரினைப் பிரிந்தார். இருபது வருடங்களுக்கு மேல் உடன் வாழ்ந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர் கேத்தரின். பிரிவுக்கான விளக்கத்தை டிக்கன்ஸ் தன் பத்திரிகையிலேயே அச்சிட்டார். கேத்தரினின் தங்கை ஜார்ஜினா அக்காவோடு போகவில்லை, டிக்கன்ஸின் வீட்டிலேயே இருந்துவிட்டார். டிக்கன்ஸ் இறந்தபின் இந்தக் கொழுந்தியாளும் மூத்த மகள் மேமியும் சேர்ந்து அவருடைய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். வேண்டாதவற்றை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டார்கள்.

1990இல் டொமலின் எழுதிய நெல்லியின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. நெல்லி எழுதிய கடிதங்களில் டிக்கன்ஸுக்கு எழுதியது ஒன்றுகூட மிஞ்சவில்லை, டிக்கன்ஸ் நெல்லிக்கு எழுதியதும் மிஞ்சவில்லை. பிறகு எதை வைத்து எழுதினார்?

வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்த துணுக்குகளை வைத்துத்தான். பழைய நாடக விளம்பரங்களிலிருந்து டெர்னன் குடும்பம் எந்த ஊரில் எப்போது நடித்தது என்பது தெரிகிறது. ஸ்லௌ என்ற ஊரின் வீட்டுவரிப் பதிவேட்டில் டிரிங்ஹாம் என்ற பொய்ப்பெயர் இருக்கிறது. நெல்லி குடியிருந்த வீட்டுக்கு அந்தப் பெயரில் வரி கட்டியவர் டிக்கன்ஸ். 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்டில் ரயில் தடம் புரண்டு பத்துப் பேர் இறந்த விபத்தில் டிக்கன்ஸும் நெல்லியும் நெல்லியின் தாயும் ஒரே பெட்டியில் இருந்தார்கள். அடிபட்டவர்களுக்கு டிக்கன்ஸ் ஓடியாடி உதவியதைப் பத்திரிகைகள் எழுதின. கூட இருந்த பெண்களைப் பற்றி எதுவும் வரவில்லை. சில நாள் கழித்து டிக்கன்ஸ் ரயில் நிலைய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் பெட்டியில் பயணம் செய்த ஒரு பெண்மணியின் நகைகள் தொலைந்துவிட்டன என்று சொல்லி, அவற்றில் ஒரு தங்க முத்திரையில் 'எலன்' என்ற பெயர் பொறித்திருக்கும் என்று அடையாளமும் சொல்லியிருந்தார். நகையைத் திரும்பப் பெற்றுத் தரவேண்டும் என்ற அக்கறை, எல்லாவற்றையும் மறைக்க நினைத்தவரின் கையாலேயே ஒரு சாட்சியை எழுத வைத்துவிட்டது.

இன்னொன்று, 1867ஆம் ஆண்டின் சின்னஞ்சிறு சட்டைப்பை நாட்குறிப்பு. அமெரிக்கப் பயணத்தில் அதை டிக்கன்ஸ் தொலைத்துவிட்டார். இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதில் நாள்தோறும் எங்கே போனார் என்பது சுருக்க எழுத்துகளில் இருக்கிறது, நெல்லியைக் குறிக்கும் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தும் அடிக்கடி வருகிறது. பயணத்துக்கு முன்னால் எழுதி வைத்த ஒரு தந்திச் சங்கேதமும் அதில் உண்டு. 'எல்லாம் நலம்' என்று தந்தி வந்தால் நெல்லி அமெரிக்காவுக்குப் புறப்பட்டு வரலாம். 'பத்திரமாக, நலமாக' என்று வந்தால் வர வேண்டாம். பாஸ்டனில் இறங்கிய டிக்கன்ஸ் அனுப்பியது இரண்டாவதைத்தான்.

இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்தது, டிக்கன்ஸ் இறந்ததும் கதை முடிந்துவிடவில்லை என்பது. அப்போது நெல்லிக்கு 31 வயது, அதற்குப் பிறகு 44 வருடங்கள் வாழ்ந்தார். தன் வயதில் பத்துக்கு மேல் குறைத்துச் சொல்லி, தன்னைவிட இளையவரான ஜார்ஜ் வார்டன் ராபின்சன் என்பவரை 1876இல் மணந்தார். இருவரும் மார்கேட் என்ற கடலோர ஊரில் பள்ளி நடத்தினார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்தன. டிக்கன்ஸைச் சிறுமியாக இருந்தபோது தெரியும் என்பதுபோல ஊரில் காட்டிக்கொண்டு, அவருடைய கதைகளை மேடையில் வாசிக்கவும் செய்தார். 1914இல் அவர் இறந்த பிறகுதான் மகன் ஜெஃப்ரிக்குத் தாயின் கடந்தகாலம் தெரியவந்தது. தன் தாய் யார் என்றே தனக்குத் தெரியாமல் போயிற்று என்று ஒரு மகன் கண்டுபிடிக்கும் துயரத்தை டொமலின் எந்த நாடகத்தனமும் இல்லாமல் சொல்கிறார். டிக்கன்ஸின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக இருந்தவர் இந்த நூலில் ஒரு மனுஷியாக எழுந்து வருகிறார்.

சரி, தெரியாத இடத்தில் வரலாற்றாசிரியர் என்ன செய்ய வேண்டும்? டிக்கன்ஸுக்கும் நெல்லிக்கும் ஒரு குழந்தை பிறந்து இறந்தது என்று மகள் கேட்டி முதுமையில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். 1939இல் வந்த ஒரு நூலில் அது பதிவாகியிருக்கிறது. பிறப்புச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. டொமலின் கேட்டியின் வார்த்தையை மதிப்பதாகச் சொல்கிறார், சான்று இல்லை என்பதையும் சொல்கிறார். அதேபோல, டிக்கன்ஸ் கடைசியாக மயங்கி விழுந்தது நெல்லியின் வீட்டிலாக இருக்கலாம், அங்கிருந்து ரகசியமாகக் கேட்ஸ் ஹில்லுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்று ஒரு குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை, முதல் பதிப்பு வந்த பிறகு அவருக்குத் தெரியவந்தது. அடுத்த பதிப்பில் அதைச் சேர்த்தார். நடந்தது என்று சொல்லவில்லை, நடந்திருக்க முடியுமா என்று நேரத்தையும் தூரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தார். 'இருக்கலாம்' என்ற சொல்லை ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியர் எங்கே வைக்கிறார் என்று கவனித்துப் படியுங்கள். அவருடைய நேர்மை அங்கேதான் தெரியும்.

இவ்வளவு கவனமானவருக்கும் சறுக்கல் நேர்ந்தது. 2011இல் அவர் டிக்கன்ஸின் முழு வரலாற்றை எழுதினார். 1862இல் லண்டனில் டிக்கன்ஸும் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியும் சந்தித்தார்கள், தனக்குள் இரண்டு மனிதர்கள் இருப்பதாக டிக்கன்ஸ் சொன்னார் என்று தஸ்தயேவ்ஸ்கி ஒரு கடிதத்தில் எழுதியதாக அருமையான செய்தி ஒன்று அதில் இடம்பெற்றது. ஆய்விதழ் ஒன்றில் 2002இல் வெளியான கட்டுரைதான் அதற்கு மூலம். வேறு ஆய்வாளர்களும் அதை எடுத்தாண்டிருந்தார்கள். அந்தச் சந்திப்பே ஒரு புனைவு, அந்த ரஷ்யக் கடிதத்தைக் கண்ணால் பார்த்தவரே கிடையாது என்பது 2013இல் வெளியானது. பின்வந்த பதிப்புகளில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. இத்தனை பேரை அது ஏமாற்றியதற்குக் காரணம், டிக்கன்ஸைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே நினைத்திருந்ததை அது அழகாகச் சொன்னதுதான். கச்சிதமாகப் பொருந்தும் சான்றைக் கண்டால் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அந்தச் சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

டிக்கன்ஸின் குடும்பத்தில் எல்லோரும் மறைக்கவே நினைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1879இல் சாகும் தறுவாயில் கேத்தரின், கணவர் தனக்கு எழுதிய பழைய கடிதங்களை மகள் கேட்டியிடம் கொடுத்தார். ஒரு காலத்தில் அவர் என்னை நேசித்தார் என்பது உலகத்துக்குத் தெரியட்டும், இவற்றைப் பிரிட்டிஷ் மியூசியத்திடம் கொடுத்துவிடு என்றார். இருபது வருடங்கள் தனியாக வாழ்ந்த மனைவி பாதுகாத்து வைத்திருந்தது அதைத்தான். கேட்டியும் பின்னாளில் பெர்னார்ட் ஷாவுக்கு எழுதிய கடிதத்தில், கையில் கேக்கும் மதுவுமாகச் சிரித்துக்கொண்டே திரிந்த மனிதர் அல்ல என் தந்தை என்பதை மக்களுக்குப் புரியவைத்தால் நன்றியாக இருப்பேன் என்று கேட்டுக்கொண்டார்.

நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே மறைப்பதற்கு எதுவுமே இல்லை என்று குடும்பம் சாதித்தது. ஜேன் 1817இல் 41 வயதில் இறந்தார். அவருடைய கடிதங்களில் பெரும்பகுதியை அக்கா கசாண்ட்ரா எரித்துவிட்டார். ஏறக்குறைய 160 கடிதங்கள் மட்டும் மிஞ்சின. ஐம்பது வருடங்கள் கழித்து அண்ணன் மகன் ஒருவர் நினைவுக் குறிப்பு எழுதினார். நிகழ்ச்சிகளே இல்லாத வாழ்க்கை, அன்பான அத்தை என்பதுதான் அதில் கிடைக்கும் சித்திரம். அந்த நூல் எட்வர்டை ஜேனின் இரண்டாவது சகோதரர் என்கிறது. உண்மையில் அவர் மூன்றாமவர். இரண்டாமவர் ஜார்ஜ், வலிப்பு நோயும் வளர்ச்சிக் குறைபாடும் கொண்டவர். அவரைக் குடும்பம் வேறிடத்தில் வைத்துப் பராமரித்தது. ஜேன் இறந்து இருபது வருடங்களுக்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்தார். வரிசை எண்ணை மாற்றியே ஒரு மனிதரை இல்லாமல் ஆக்கிவிட முடிந்திருக்கிறது.

1997இல் வந்த டொமலினின் ஆஸ்டின் நூல் இந்தக் குடும்பத்தை அக்கம்பக்கத்தோடு சேர்த்து விரித்துக் காட்டுகிறது. ஆஸ்டின் குழந்தைகள் பிறந்து சில மாதங்களில் கிராமத்தில் வேறொரு பெண்ணின் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, நடக்கவும் பேசவும் தொடங்கிய பிறகே திரும்பி வந்தார்கள். அந்தக் காலத்தில் இது வழக்கம்தான். ஆனாலும் ஜேனின் கடிதங்களில் தெரியும் ஒருவித உணர்ச்சிக் கவசத்துக்கு இந்த ஆரம்பகாலப் பிரிவு காரணமாக இருக்கலாம் என்பது டொமலினின் ஊகம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் எத்தனையோ பேர் அப்படி வளர்ந்தார்கள், அவர்கள் எல்லோரும் ஜேனைப் போல ஆகிவிடவில்லை. இருந்தாலும் அவர் ஊகத்தை ஊகமாகவே வைப்பதால் நம்மால் மறுத்துப் பேச முடிகிறது.

ஜேனின் குடும்ப மரத்தில் ஒரு கிளை நம் கடலூர் வரை வருகிறது. ஜேனின் அத்தை ஃபிலடெல்ஃபியா பெற்றோரை இழந்தவர், லண்டனில் தொப்பிக் கடையில் தொழில் பழகியவர். சொத்தில்லாத பெண்ணுக்கு இங்கிலாந்தில் மாப்பிள்ளை கிடைப்பது கடினம் என்பதால், 1752 ஜனவரியில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அந்த ஆகஸ்டில் சென்னையில் இறங்கினார். அடுத்த வருடம் பிப்ரவரியில், கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித டேவிட் கோட்டையில் மருத்துவராக இருந்த டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். பிறகு அவர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸ் குடும்ப நண்பரானார். 1761இல் பிறந்த பெண் எலைசாவுக்கு அவரே ஞானத்தந்தை. பின்னாளில் அவள் பேரில் 10,000 பவுண்ட் எழுதி வைத்தார். குழந்தை அவருடையதே என்ற வம்புப்பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது.

இந்த எலைசா ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்தார். அவர் 1794இல் புரட்சிக் காலத்தில் தலை வெட்டப்பட்டு இறந்தார். விதவையான எலைசாவை 1797இல் ஜேனின் அண்ணன் ஹென்றி மணந்துகொண்டார். நம் முறைப்படி அத்தை மகள்தான்! ஜேன் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, பாரிஸ் நாகரிகத்தோடு வந்து இறங்கி, வீட்டுக் களஞ்சியத்தில் நாடகம் போட வைத்தவர் இந்த அத்தை மகள். ஜேன் தன் பதினாறாவது வயதில் எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையில், ஏழைப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்காக வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு மகிழ்ச்சியில்லாமல் வாழ்கிறாள். அத்தையின் வாழ்க்கை தெரிந்த பிறகு அந்த வரிகளைச் சும்மா கடந்துபோக முடியாது. கிராமப் பாதிரியார் வீட்டில் நிகழ்ச்சிகளே இல்லை என்ற பேச்சுக்கு இந்த ஒரு கிளையே போதுமான பதில்.

எரிந்த இடத்தையும் படிக்கலாம் என்பதை ஆஸ்டின் நூலில் பார்க்கலாம். 1801 மே மாதக் கடைசியிலிருந்து 1804 செப்டம்பர் வரை ஜேனின் கடிதம் ஒன்றுகூட இல்லை. ஜேன் பிறந்த வீட்டைப் பெற்றோர் காலிசெய்து பாத் நகருக்குக் குடிபெயர்ந்த காலம் அது. அதற்கு முன் மூன்று நாவல்களின் முதல் வடிவங்களை எழுதியிருந்தவர், அதன்பின் பல வருடங்கள் ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. 1809இல் சாட்டன் கிராமத்தில் நிலையான வீடு கிடைத்ததும் மீண்டும் வேகமாக எழுதத் தொடங்கினார். எழுத ஓர் இடமும் ஒழுங்கும் பறிபோன பெண் மனம் உடைந்து போனாள் என்று டொமலின் இந்த மௌனத்தை வாசிக்கிறார். இதில் அவரோடு நான் உடன்படுகிறேன். தேதிகளை வரிசையாக வைத்தாலே அது கண்ணில் படுகிறது.

நாவலாசிரியரும் கவிஞருமான தாமஸ் ஹார்டி இன்னும் ஒரு படி மேலே போனார். தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே மூன்றாம் மனிதர் பாணியில் எழுதி, தான் இறந்தபின் இரண்டாம் மனைவி ஃப்ளாரன்ஸ் எழுதியதாக வெளியிட ஏற்பாடு செய்தார். 1928லும் 1930லும் இரண்டு பாகங்களாக அது வந்தது. ஆதாரமான காகிதங்களைத் தட்டச்சு முடிந்ததும் எரித்தார். பெற்றோரின் திருமணம் நடந்து ஆறு மாதத்துக்குள் தான் பிறந்ததுபோன்ற விஷயங்களுக்கு அதில் இடமில்லை. டொமலின் தன் ஹார்டி நூலை 1912 நவம்பரில் தொடங்குகிறார். மாடியறையில் தனியாக வாழ்ந்துவந்த முதல் மனைவி எம்மா இறந்துபோன நாள் அது. வருடக்கணக்காக அவரோடு சரியாகப் பேசாமல் இருந்த ஹார்டி, அந்த இழப்புக்குப் பிறகு அவரைப் பற்றித் தன் மிகச் சிறந்த கவிதைகளை எழுதினார். பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எங்கே தொடங்குவது என்பதே வரலாற்றாசிரியரின் முதல் தீர்ப்பு.

எல்லாவற்றையும் குடும்பம் திறந்து சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? டொமலினின் முதல் நூல் அதற்குப் பதில் சொல்கிறது. பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1797இல் குழந்தை பெற்ற பத்து நாட்களில் இறந்தார். கணவர் வில்லியம் காட்வின் துக்கத்தில் உடனே அவருடைய வரலாற்றை எழுதி 1798 ஜனவரியில் வெளியிட்டார். பழைய காதல், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, தற்கொலை முயற்சிகள் என்று எதையும் அவர் மறைக்கவில்லை. அன்பினால்தான் எழுதினார். ஆனால் எதிரிகள் அந்த நூலையே ஆயுதமாக்கினார்கள். மேரியின் கருத்துகளைப் பற்றிப் பேசவே பல தலைமுறைகள் கூச்சப்பட்டன. ஆகவே கசாண்ட்ரா எரித்ததை வெறும் குறுகிய மனம் என்று நான் சொல்லமாட்டேன். தங்கையை அவர் எதிலிருந்து காப்பாற்ற நினைத்தார் என்பது அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

டொமலின் பிறகு தன் சொந்தக் குடும்பத்தையும் எழுதினார். 2017இல் வந்த அவருடைய தன்வரலாற்றில் கடினமான ஆவணம் ஒன்று வருகிறது. அது அவருடைய தந்தை எழுதிய நினைவுக் குறிப்பு. கார்ன்வால் கடற்கரையில் ஒரு நாள் மனைவிமீது கொலை செய்யும் அளவுக்கு வெறுப்பு வந்தது, அன்றிரவே கிளேர் கருவானாள் என்று அதில் தந்தை எழுதியிருந்தார். மற்றவர்களின் பெற்றோரைப் பற்றி எழுதும்போது காட்டிய அதே நிதானத்தோடு இதையும் அவர் எடுத்து வைக்கிறார். முதல் கணவர் நிக்கலஸ் பத்திரிகையாளர், 1973 அக்டோபரில் இஸ்ரேல் போரைப் பதிவு செய்யப் போன இடத்தில் கொல்லப்பட்டார். ஒரு குழந்தை பிறந்த சில வாரங்களில் இறந்தது. ஒரு மகளைக் கல்லூரி வயதில் இழந்தார். முதல் நூலை அவர் இந்தத் துயரங்களில் சிலவற்றின் நடுவில்தான் எழுதி முடித்தார். இதைப் படித்தபிறகு, எரிந்த காகிதங்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை அவர் ஏன் அவ்வளவு பொறுமையாகத் தேடினார் என்பது எனக்கு ஓரளவு புரிந்தது.

புதிதாகப் படிக்க வருபவர்கள் நெல்லியின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். துப்பறியும் கதைபோல ஓடும், வரலாற்றாசிரியர் வேலை செய்யும் விதமும் வெளிப்படையாகத் தெரியும். ஆஸ்டின் நூலுக்குப் போகும் முன் அவருடைய நாவல் ஒன்றையாவது படித்திருப்பது நல்லது. எந்த நூலை எடுத்தாலும், கடைசியில் இருக்கும் குறிப்புப் பக்கங்களில் ஒரு விரலை வைத்துக்கொண்டு படியுங்கள். சுவையான செய்தி வரும்போதெல்லாம் அது கடிதத்திலிருந்து வந்ததா, யாரோ முதுமையில் சொன்ன ஞாபகமா என்று புரட்டிப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிய பீப்ஸின் வரலாற்றை மட்டும் அவருடைய நாட்குறிப்பில் சில பக்கங்களைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள், அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1663 ஜனவரியில் அவர் மனைவி எலிசபெத், தன் தனிமையைப் பற்றித் தான் எழுதி வைத்திருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினார். யாராவது படித்துவிட்டால் தனக்கு அவமானம் என்று பீப்ஸ் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழித்ததையும் அதற்காக அவள் அழுததையும் தன் நாட்குறிப்பில் ஒன்றுவிடாமல் எழுதியும் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.